பாக்கியசீலி (எ) துரைசாணி

இறால் உரிக்கிற கம்பெனிக்கு வந்த முதல் நாள், பாக்கியசீலி ஸ்டூலில் பேப்பர் விரித்து அதன்மேல்தான் உட்கார்ந்தாள். "துரைசாணி வந்துட்டாவ," என்றாள் எதிரில் இருந்த எமல்டா. பதினோரு வருஷமும் அதுவே பெயராக நின்றது. பாக்கியசீலி ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. ஆனால் முதல் தடவை கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இரண்டாம் தடவைதான் திரும்பிச் சிரிப்பாள். காது மந்தம் என்றே எமல்டா நினைத்திருந்தாள்.

பாக்கியசீலி இறந்த அன்று கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க எமல்டாவும், கூட இறால் உரிக்கிற ரெஜினாவும் போனார்கள். "பட்டப்பேரு போட்டாத்தான் யாருன்னு தெரியும்க்கா," என்று கடைக்காரன் கம்ப்யூட்டரில் அதையும் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"செத்தவளையுமா கேலி பண்ணணும்?" என்றாள் ரெஜினா.

"இதுல என்னட்டி கேலி? பெரிய எடத்துப் பொம்பள மாதிரி இருக்கான்னுதான சொன்னேன். வேண்டாம்னு அவ ஒருநாளும் சொல்லலையே."

"பாக்கியம்னு நான் மெதுவாச் சொன்னாக்கூட ஒடனே திரும்புவா," என்றாள் ரெஜினா.

பெயர் அப்படியே அச்சாகி வந்தது.

படம், கோயில் திருவிழாவில் "துரைசாணி, இங்க பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே எமல்டா போனில் எடுத்தது. வேறு படம் கிடைக்கவில்லை. அதில் முகம் அந்தப் பக்கம் இருந்தது. ஒரு காதும் கொஞ்சம் கன்னமும்தான் தெரிந்தன.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, தெருமுனையில் பேனருக்கு முன்னால் எமல்டா தனியாக நின்றாள்.

"துரைசாணி," என்றாள்.

படம் அப்படியே இருந்தது. இரண்டாம் தடவை அந்தப் பெயரை அவள் கூப்பிடவில்லை.