ஆறாவது சர்வர்

பின்லாந்தின் தம்பெரே நகர மருத்துவமனையில் ஆறு சர்வர்களுக்கும் புதிதாக லினக்ஸ் ஏற்றியாயிற்று. ஐந்து எழுந்துவிட்டன. ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தாங்கும் ஆறாவது மட்டும் எழ மறுத்தது. இரவு பத்து மணிக்குள் அது ஓடியாக வேண்டும்.

சர்வர் அறைக்குள் சிர்க்கு. கண்ணாடிச் சுவருக்கு வெளியே, கையேடும் ஃபோனுமாக அவள் மகன் ஓட்சோ. சர்வர் அமைத்துத் தரும் ஒரே கம்பெனியில் இருவருக்கும் வேலை.

“என்னம்மா சொல்லுது?”

“டிஸ்க்கையே காணோமாம். டிஸ்க்கோட டிரைவர் சாஃப்ட்வேர் இல்லாம ஏத்தியிருக்கே.”

“சேர்த்தேனே!”

“அது பழசுடா. புதுசோட பேரைச் சொல்லு. முதல்ல அந்த ஃபோனைக் கீழ வை, என்னைப் பாத்துப் பேசு.”

ஃபோனை வைத்துவிட்டு, பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான். சிர்க்கு மீட்பு முறையில் நுழைந்து, டிரைவரைச் சேர்த்து, மறுபடி இயக்கினாள். வரிகள் சரசரவென்று ஓடின. சர்வர் எழுந்துவிட்டது.

மருத்துவமனை அதிகாரி ஹென்ரிக்கிக்கு வியப்பு தாங்கவில்லை.

“காலையிலேருந்து எங்க ஆளுங்க இந்தக் கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் நின்னு கத்திப் பாத்தாங்க. உள்ள ஓடுற விசிறி இரைச்சல்ல ஒரு வார்த்தை புரியல. உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுது?”

“எனக்கும் கேக்கலையே. அம்மாவுக்குப் பிறந்ததுலேருந்தே காது கேக்காது. நாங்க கையாலதான் பேசிக்கிட்டோம்.”

பள்ளி நாட்களில், பஸ்ஸில் அம்மா கையசைத்துப் பேசினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவன் அவன். இன்று அத்தனை பேரும் பார்க்க, இரு கைகளையும் உயர்த்தினான்.

“கலக்கிட்டே அம்மா!”

“அது எனக்கே தெரியும்,” என்றன சிர்க்குவின் கைகள். “காபி இருக்கான்னு கேளு.”