மயில்பச்சைப் பைஜாமா

அந்த மயில்பச்சைப் பைஜாமாவைப் போட்டிருப்பவர் எங்கே இருந்தாலும் தூங்குவதாகவே அந்த ஸ்மார்ட் வீடு எடுத்துக்கொள்ளும். வாசல் மணி அடிக்காது, போன் எதுவும் அவரிடம் வந்து சேராது. ஆனால் அதன் பட்டு மினுமினுப்பைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் அதைப் படுக்கையறைக்குள்ளேயே வைத்திருக்க மனம் வரும்?

பூங்கோதை அன்று காலை அதைப் போட்டுக்கொண்டுதான் தோழியின் காபிக்கடைத் திறப்புக்குப் போனாள். மதியம் அப்பாவை இதய டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கியதும் கூப்பிடுவார், ஓடிவிடலாம் என்றிருந்தாள். ஆளாளுக்குத் துணியைத் தொட்டுப் பார்த்துப் புகழ்ந்ததில் பொழுது போனதே தெரியவில்லை.

திரும்பிவந்து லிஃப்டை விட்டு இறங்கியபோது, அப்பா வாசலில் செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பூங்கோதை தூங்குகிறார். எழுப்பட்டுமா?" என்று கதவு அவரிடம் கேட்டது.

"வேண்டாம்னு எத்தன தடவ சொல்ல? வேல பாத்த அலுப்பு, தூங்கட்டும். டாக்டர இன்னொரு நாள் பாத்துக்கிடுதேன்" என்றவர், திரும்பி அவளைப் பார்த்தார். பைஜாமாவைப் பார்த்தார்.

சின்ன வயதில் அவள் தூக்கத்திலேயே எழுந்து தெருவரை நடந்துவிடுவாள். எழுப்பாமல் கைபிடித்துக் கூட்டிவருவது அவர்தான்.

"அப்பா, நான் வந்து..."

"ஒண்ணுமில்ல தாயி, அப்பா இருக்கேன். முழிச்சிராம மெல்ல வா."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பூங்கோதை கண்களை இறுக மூடிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள்.