உரித்த ஸ்டிக்கர்

ஊசி குத்திய அடிவயிற்றில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு அவள் கணவனையே பார்க்கிறாள். புற்றுநோய்க்கான கீமோ தொடங்குவதற்குள் அவளுடைய கருமுட்டைகளை எடுத்து உறையவைத்துவிட வேண்டும். "உங்களோடதையும் சேர்த்துக் கருவாவே வச்சிட்டா, பின்னாடி தங்குற வாய்ப்பு அதிகம் சார்," என்று விந்து சேகரிப்பதற்கான, அவன் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன டப்பாவை நர்ஸ் நீட்டுகிறாள். அவன் வாங்கிக்கொள்கிறான். தலைக்கு மேல் குழல்விளக்கு ரீங்கரிக்கிறது. பரிசுப் பொருளில் விலைச்சீட்டை உரிப்பதுபோல, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல், பொறுமையாக உரித்தெடுக்கிறான். "அவளோடத மட்டும் எடுங்க. என்னோடது எதுக்கு வீணா?" வெற்று டப்பா மேசைக்குத் திரும்புகிறது. ஸ்டிக்கர் சுருண்டு அவன் சட்டைப்பைக்குள் போகிறது. நர்ஸ் தலை நிமிராமல் படிவத்தைப் புரட்டுகிறாள். "அவசரத்துக்கு யார் நம்பர் போடட்டும்?" அவன் வழக்கம்போலத் தன் நம்பரைச் சொல்லத் தொடங்குகிறான். "அது வேணாம், சிஸ்டர்," என்கிறாள் அவள். "எங்கம்மா நம்பர எழுதிக்குங்க."