நாலு மணி நேரம் தாங்கும்

“எப்ப சாகும்னு கரெக்டா சொல்ல முடியுமா சார்?”

மடிக்கணினித் திரையில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் இன்ஜினியருக்குப் புல்லரித்துவிட்டது. அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பேட்டரியைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை.

கையில் பிடித்து விளையாடும் கேம் கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனி அது. படம் வரைகிறவர்களுக்குக் கைதட்டல், இசை சேர்க்கிறவர்களுக்குக் கைதட்டல். திரை மூலையில் இருக்கும் பேட்டரி எண் கொஞ்சம் மெதுவாக இறங்க மென்பொருள் எழுதுகிற இவருக்கு மட்டும், சார்ஜ் தீரும்போதெல்லாம் திட்டு.

மாமியார் இன்றுவரை, “மாப்பிள்ளை பேட்டரி கடைல இருக்காரு” என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இவரும் திருத்தவில்லை. கடைக்காரருக்காவது போர்டில் பேர் இருக்கும் என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார்.

அடுத்த வாரம் புது அப்டேட் வருகிறது, சந்தேகம் இருந்தால் இணையத்தில் வந்து கேளுங்கள் என்று அறிவித்த கம்பெனி, பதில் சொல்லும் பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டது. சாயங்காலம் முழுக்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் காத்துக் கிடந்ததில், வந்து சேர்ந்த ஒரே ஆள் ‘குட்டிச்சுவர்’ என்ற பேரில் ஒன்று. பேரைப் பார்த்தாலே தெரிந்தது, வேலைவெட்டி இல்லாத இளவட்டம்.

“இப்ப ரெண்டு மணி நேரத்துல செத்துடும் தம்பி” என்று தட்டினார். “கிட்டத்தட்ட என்னை மாதிரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல நானும் தாங்க மாட்டேன்.”

“புது அப்டேட் போட்டா?”

“நாலு மணி நேரம் தாங்கும்! அத்தனையும் ஐயா வேலை.”

“ஏங்க...” என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி, போனிலிருந்து நிமிர்ந்து.

“ம்” என்றார். பதில் தட்டாத நேரத்தில் அவர் கைகள் தாமாகவே கேம் கருவிக்குப் போய்விட்டிருந்தன. பழைய மென்பொருள் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கடைசியாக ஒருமுறை சோதிக்கிறாராம். பல மாதமாக அதே கடைசிச் சோதனைதான். கடமைக்காக விளையாடுகிறேன் என்று அவர் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவரும்தான்.

“ஒரு விஷயம் சொல்லணும்.”

“இதோ, முடிச்சிட்டேன்.”

திரையில் அடுத்த கேள்வி வந்து விழுந்தது. “அந்த அப்டேட்டை வராம தடுக்க வழி இருக்கா சார்?”

இன்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்டிக் கம்பெனி ஆளோ? தன்னையும் ஒருவன் உளவு பார்க்கக் கிளம்பிவிட்டான் என்பதில் பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

“ஏன் தம்பி? எல்லாரும் பேட்டரி போதலைன்னுதானே அழுவாங்க?”

“விளையாடறது நான் இல்ல. எங்க வீட்ல ஒருத்தர்.”

“பையனா?”

“பையன்னா கெஞ்சியாவது திருத்திடலாம். இது நரை விழுந்த குழந்தை.”

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இப்படி ஒரு ஜென்மம் எல்லா வீட்டிலும் இருக்கும் போல.

“சார்ஜ் தீர்ந்தாத்தான் எங்க வீட்டுக்காரர் தலையைத் தூக்குவாரு. மறுபடி ஏறுற வரைக்கும் எங்கூட பேசிட்டிருப்பாரு. நல்லாத்தான் பேசுவாரு, வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாரு. எனக்குன்னு கிடைக்கிற நேரமே அதுதான். அதையும் நீங்க அப்டேட் போட்டுப் பிடுங்கிக்கிட்டா எப்படி சார்?”

இன்ஜினியர் அதை இன்னொரு தடவை படித்தார். தான் செய்த வேலை ஒரு வீட்டின் பேச்சையே நிறுத்தும் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. நல்ல சாதனைடா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“எனக்கு வேற ஊருக்கு மாற்றல் வந்திருக்கு, பதவி உயர்வோட. போறதா வேண்டாமான்னு நாளைக்குள்ள சொல்லியாகணும். ஒரு வாரமா சார்ஜ் ஏறுற நேரத்துலயும் ஆபீஸ் வேலைன்னு உக்காந்துடறாரு, அவர்கிட்ட வாயைத் திறக்கவே முடியல. இன்னிக்கும் கூப்பிட்டுப் பாத்தேன்.”

இதைப் படித்ததும் அவருக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது. கேம் கருவியைக்கூடக் கீழே வைத்துவிட்டார்.

“தம்பின்னு கூப்பிட்டதுக்கு மன்னிச்சுடுங்கம்மா. அப்டேட் வர்றப்ப ‘பிறகு’ன்னு அழுத்துங்க, பழசே இருக்கும். ஆனா கோளாறு பேட்டரியில இல்ல. பொண்டாட்டி இவ்வளவு பெரிய விஷயம் சொல்ல வர்றப்ப நிமிர்ந்து பாக்காதவன் என்ன மனுஷன்?”

“ஏங்க...” என்றாள் மனைவி மறுபடியும்.

“ஒரே நிமிஷம்மா, இங்க ஒரு குடும்பமே உடையுது” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு படபடவென்று தட்டினார்.

“அந்த ஆள் பக்கத்துலதான் இருக்காரா? போனை அவர்கிட்ட குடுங்க. நானே நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கறேன்.”

திரையில் பதில் வரவில்லை. மேஜைக்குக் குறுக்கே ஒரு கை நீண்டு, வெளிச்சம் அணையாத போன் ஒன்றை அவர் மூக்குக்கு நேரே பிடித்தது.

“இந்தாங்க, கேளுங்க.”