எருமைக்குக் கொடுத்த குரல்

எருமை வாயைத் திறந்ததும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

திரையிலிருந்து வந்தது அவள் குரல்.

அனிமேஷன் படத்துக்கு முதலில் யாராவது ஒருவர் வசனத்தை ஒப்புக்குப் பேசி வைப்பார்கள். அதைக் கேட்டுத்தான் வாயசைவை வரைவது. பிறகு டப்பிங் கலைஞர்கள் வந்து பேசியதும் பழைய குரலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

தன் படத்துக்கு அவளும் அப்படிப் பேசி வைத்திருந்தாள். விடுதி அறையில், தலையோடு போர்வையை மூடிக்கொண்டு, செல்போனில். எருமைக்கும் அவளே. அதன் முதுகில் நிற்கும் கொக்குக்கும் அவளே.

டப்பிங் முடிந்த படத்தை விட்டுவிட்டு இதை அனுப்பித் தொலைத்திருக்கிறாள்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபம். தென் மாவட்டக் கலைஞர்களுக்கென்று முதன்முதலாக நடக்கும் குறும்பட, அனிமேஷன் விழா. மணமேடையில் திரை. முன்வரிசையில் நடுவர்கள். அவர்கள் கைகாட்டும் ஒரு படம் முழுநீளப் படமாக வளர விழாக்குழு துணை நிற்கும்.

அது கிடைத்தால், அடுத்தவர் வரைந்த பொம்மைக்கு வண்ணம் அடிக்கும் வேலையை அவள் விட்டுவிடலாம்.

கிடைத்த மாதிரிதான்.

சென்னை ஸ்டுடியோவில் அவள் இரண்டு வார்த்தை பேசினால் போதும், யாராவது அவளுடைய நெல்லை இழுவையிலேயே பேசிக் காட்டுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். வலிக்கும். போகப் போகப் பேச்சையே குறைத்துக்கொண்டாள். எருமைக்குச் சென்னைக் குரல் தேடியதும் அதனால்தான்.

குனிந்தபடியே நாற்காலிகளுக்கு நடுவே ஓடினாள்.

மண்டபத்தின் பின்னால் மேசை போட்டுப் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் இசக்கியப்பன். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, சரியான படம் இருந்த பென் டிரைவை நீட்டினாள். பழக்க தோஷம், அவரிடமும் சென்னைப் பேச்சுதான் வந்தது.

இதற்கா இப்படிப் பதறுகிறாய் என்று கேட்டார். நிறுத்திவிட்டு முதலிலிருந்து போட்டுவிடலாம் என்றார். பென் டிரைவைச் செருகினார். விரல் பொத்தானுக்குப் போனது.

திரையில், குளத்தை மூட மண் லாரி வந்து நின்றது. கொக்கு பதறிப்போய், கரையேறச் சொல்லிக் கெஞ்சியது.

எருமை அசையவில்லை.

"எதுக்குவே என்னைய ஏறச் சொல்லுதீரு? லாரிய வேணா திரும்பிப் போவச் சொல்லும்."

மண்டபமே சிரித்தது.

அவளுக்குப் பழக்கமான சிரிப்பு இல்லை அது.

காது மந்தமான தன் மனைவிக்கு அந்த வசனத்தைத் திருப்பிச் சொன்னார் ஒருவர். பேசிக் காட்டவில்லை. அவர் பேசுவதே அப்படித்தான்.

அந்த அம்மாள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

நடுவர்களின் முதுகுதான் தெரிந்தது. அவர்கள் சிரித்தார்களா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

"மாத்திரட்டுமாம்மா?" என்றார் இசக்கியப்பன்.

பயம் போய்விடவில்லை.

எருமை அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தது.

"வேண்டாம்ணே. சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க. முன்னால இருக்கவங்களுக்கும் நல்லாக் கேக்கணும்லா."