பாதிப் பிரார்த்தனை

"சாமிகிட்டச் சொல்லிட்டுத்தான் தூங்கணும். சொல்லியாச்சா?"

"பாதி சொன்னேன்."

"பாதிதானா? அப்ப சாமியும் பாதித் தூக்கம்தான் கொடுப்பாரு!"

போர்வைக்குள் இருந்தவளுக்குச் சிரிப்பு வந்தாலும் மனசு அடங்கவில்லை.

"தூங்குறவங்களை எழுப்புறது சாமி இஷ்டம்னு சொல்றியே, அவர் மறந்துட்டா?"

"ஊரையே எழுப்புறவரு உன்னை மட்டும் மறப்பாரா? சாக்குப்போக்கு சொல்லாதே."

"இல்ல... முந்தாநாள் ஆஸ்பத்திரியில ஆறாம் நம்பர் கட்டில் தாத்தா என்கிட்ட நல்லாப் பேசிட்டுத்தான் தூங்கினாரு. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல."

கட்டிலோரத்திலிருந்து ஒரு கை அவள் நெற்றியைத் தடவிக் கொடுத்தது.

"நீ பக்கத்துல இருந்தியா?"

"கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப அவர் பயப்படாமத்தான் தூங்கியிருப்பாரு. அவருக்கும் சேர்த்துச் சொல்லிட்டுக் கண்ணை மூடு."

அவள் முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது.

"நான் வர்றதுக்குள்ள எழுந்திருக்கக் கூடாது, சரியாம்மா?"

ஏழு வயது மகள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

இரவு டியூட்டி முடிந்து வந்திருந்த நர்ஸ் அம்மா, இரண்டு நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.