கீறல் விழுந்தால் செம்பு

கத்தி வழுக்கிக்கொண்டு போனது. கல்லில் கீறல் விழவில்லை.

இன்னும் அழுத்தி இழுத்தேன். கத்தியின் மஞ்சள்தான் கல்லின் மேல் லேசாக ஒட்டியது. கல் அப்படியே இருந்தது.

மல்லாங்கிணற்றுக்குக் கிழக்கே, சீமைக் கருவேலங்காட்டுக்குள் துளை போடும் மிஷின் நிற்கிறது. பூமிக்குள்ளிருந்து அது உருவி எடுக்கும் கல், கரும்புத் துண்டு கணக்காக நீளநீளமாக வரும். அதை வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கி, எத்தனை மீட்டர் ஆழம் என்று எழுதி வைப்பது என் வேலை. நாற்பத்து மூன்று வயதில் சாயங்காலப் பள்ளியில் படித்த எழுத்து இதற்காவது உதவியது.

இந்தத் துண்டு இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். கருஞ்சிவப்பு. தூக்கினால் கை இறங்கும் கனம். நொறுங்கிப்போன கல்லை இரும்பு ஊற்றி ஒட்டவைத்த மாதிரி இருந்தது. நடுவில் மஞ்சள் மினுக்கம்.

முந்தின நாள் ஜெபிஷா மேடம் சொல்லியிருந்தார். கல் படிப்புப் படித்த பிள்ளை. இந்தத் துளைகளுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான்.

“இங்க இரும்பு கொட்டிக் கெடக்குக்கா. சில எடத்துல இப்படி இரும்போட செம்பும் வரும், துளி தங்கமும் வரும். ஆனா மஞ்சளா மினுங்குறதெல்லாம் செம்பு இல்ல. கத்தியால கீறணும். கீறல் விழுந்தா செம்பு. விழலைன்னா வெறும் இரும்பும் கந்தகமும். அப்புறம் இந்தக் குழியோட மூட்டையக் கட்டிர வேண்டியதுதான்.”

செம்பு இருந்தால் அடுத்த குழி. அடுத்த குழி என்றால் தண்ணீர் பம்பு பார்க்க ஓர் ஆள். அந்த ஆளாக என் வீட்டுக்காரரை எடுத்துக்கொள்வதாக மேடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அவர் பெயர் வெள்ளைத்துரை. பட்டாசுக் கம்பெனியில், மருந்து செலுத்தும் அறையில் இருபது வருஷம். வெடிக்குள் போகிற பொடியைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்போம்.

நானும் அங்கே பதினேழு வருஷம் இருந்தவள்தான். பக்கத்து அறை வெடித்துப்போன அன்றைக்கு வெளியே வந்தவள், திரும்பப் போகவில்லை. அவர் போய்க்கொண்டிருந்தார். அந்த அறையிலிருந்து அவரை வெளியே எடுக்க எனக்கு ஒரே ஒரு கீறல் வேண்டும்.

விழவில்லை.

கல்லை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. மேடம் வந்து நின்றார்.

“என்னக்கா, கல்லுக்குத் தாலாட்டா?”

“விழல மேடம். கீறலே விழல.”

அவர் கல்லைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

“இது என்னக்கா, பித்தளைக் கத்தியா?”

“பின்னே? கத்தின்னா பித்தளைதான மேடம்.”

பட்டாசு வேலையில் அப்படித்தான். இரும்பு உரசினால் பொறி. பொறி பறந்தால் அறையோடு போகும். கத்தி என்று யார் சொன்னாலும் என் கை தேடுவது பித்தளையைத்தான்.

மேடம் சிரிப்புத் தாங்காமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பித்தளையே பெரும்பாதி செம்புதானக்கா. அது மெத்து. அத வச்சு இதக் கீறுனா எப்படி விழும்?”

பையிலிருந்து இரும்புக் கத்தியை எடுத்து, மஞ்சளில் வைத்து இழுத்தார். நான் என்னையறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பொறி எதுவும் பறக்கவில்லை. கரகரவென்று சத்தம் மட்டும். திரும்பிப் பார்த்தால் மஞ்சளுக்கு நடுவே பள்ளமாக ஒரு கோடு. ஓரத்தில் பச்சை கலந்த கரும்பொடி.

“சுரங்கமெல்லாம் வருமான்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா அடுத்த குழி உண்டு. அண்ணன வரச் சொல்லுங்க.”

வேலை நேரத்தில் என் வீட்டுக்காரர் போன் கம்பெனி வாசலில், வாட்ச்மேன் பெட்டிக்குள் கிடக்கும். எடுக்கமாட்டார் என்று தெரிந்தும் அடித்தேன். மனசு கேட்கவில்லை.

முதல் மணியிலேயே யாரோ எடுத்துவிட்டார்கள்.

வேலை நேரத்தில் அந்தப் பெட்டியிலிருந்து போனை எடுத்து யாராவது பேசினால் அது என்ன சேதி என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

“ஏளா, நாந்தான்.”

அவர் குரல்தான்.

“எங்கன இருக்கீக?”

“பஸ் ஸ்டாண்டுல. இது மூணாவது டீ. உனக்கு எப்படிச் சொல்லன்னு தெரியாம குடிச்சிக்கிட்டே இருக்கேன்.”

பிறகு மூச்சு விடாமல் சொன்னார். தட்டில் இறுகிப்போன மருந்தைச் சுரண்டுவதற்குப் பையில் கையை விட்டிருக்கிறார். கத்தி இல்லை. சீசன் நேரம், ஆர்டர் நிற்கிறது, இன்றைக்கு ஒரு நாள் இதை வைத்து ஓட்டு என்று போர்மேன் நீட்டியது இரும்புக் கத்தி.

“நான் வாங்கல. தட்டக் கீழ வச்சேன், எந்திரிச்சி வந்துட்டேன். இனி இந்தப் பக்கம் வராதன்னுட்டான். நான் வாசல்ல என் போன வாங்குறதுக்குள்ள, மத்தவங்களுக்குன்னு ஒரு கட்டு பித்தளைக் கத்தி உள்ள போகுது, பாத்துக்கோ.”

“நாளைக்கு இங்கன வாங்க,” என்றேன். “கல்லு கீறிருச்சு.”

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“அது சரி, அந்தக் கத்தி எங்கதான் போயிருக்கும்? பையில வச்சது நல்லா ஞாபகம் இருக்கே.”

மடியில் கிடந்த கத்தியை எடுத்துச் சேலை நுனியால் துடைத்தேன். மரப்பிடியில் ‘வெ’ என்று கோணலாக ஓர் எழுத்து. எழுதப் படித்த புதிதில் அவருக்கு நானே கீறிக் கொடுத்தது.

“வீட்டுக்கு வாங்க,” என்றேன். “தேடிப் பாப்போம்.”